எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

முதலாவது, எழுபத்தொன்றில், கார்டிங் பிரிவில் பஞ்சுத் தூசிக்கு மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு முழம் துணி கேட்டவர்களை மில் மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது. இரண்டாவது, எழுபத்து மூன்றில், இருநூற்று நாற்பது நாள் முடித்தால் வேலை நிரந்தரம் என்று சட்டம் சொல்வதால் பதிலித் தொழிலாளர்களை இருநூற்று முப்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் புது ஆட்களாகச் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது, எழுபத்தைந்தில், கக்கூசுக்குப் போகப் பித்தளைப் பில்லை; ஒரு பிரிவுக்கு இரண்டே பில்லை; பெண்கள் அதற்காக வரிசையில் நின்றது. நான்காவது, எழுபத்தெட்டில், யாரும் கேள்விப்படாத ஒரு சங்கத்தை ஒரே வாரத்தில் முளைக்க வைத்து அதோடு ஒப்பந்தம் போட்டது. ஐந்தாவது, எண்பத்தொன்றில், பஞ்சு அடிக்கிற புளோ ரூம் மிஷினில் சரசக்காவின் கை போனபோது ‘கவனக்குறைவு’ என்று எழுதியது. ஆறாவது, எண்பத்து நான்கில், கேட்டில் பெண்களின் தூக்குப்போசியைத் திறந்து சோற்றைக் குச்சியால் கிளறிப் பார்த்தது. ஏழாவது என்று மனசுக்குள் சொல்லி மருதாசலம் நின்றார். முகம் மழித்துக்கொண்டிருந்த ஆறுச்சாமியின் கத்தி தொண்டைக் குமிழுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது, எச்சில் விழுங்க முடியவில்லை, அதனால்தான் நின்றது என்று சொல்லிக்கொண்டார். மறுபடி முதலாவதிலிருந்து ஆரம்பித்தார். வரிசை மாறக் கூடாது. வரிசை மாறினால் கேட்பவனுக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் எதிராளி உள்ளே புகுவான். இது அவர் இருபது வயதில் மஞ்சள் காகிதத்தில் அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரம். துணி கேட்டது, பதிலி, பில்லை, ஒப்பந்தம், கை, தூக்குப்போசி, ஏழாவது. மறுபடியும் அதே இடம். பல்லில் மாட்டிய நார்போல ஒரு வாரமாக அந்த ஏழாவது.

“அசையாதீங்க தலைவரே,” என்றார் ஆறுச்சாமி. “மேக்கால மில்லு மேனேஜ்மெண்டு முப்பது வருசமாச் செய்ய முடியாததை நான் செஞ்சிட்டு இருக்கேன். உங்களைப் பேசாம உக்கார வெச்சிருக்கேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மருதாசலம் மூக்கால் ஒரு காற்று விட்டார். கடைக் கண்ணாடியில் ரோடு இடவலம் மாறித் தெரிந்தது. இடது பக்கம் இருக்க வேண்டிய மில் கேட்டு வலது பக்கம். கேட்டு மட்டும்தான் மிச்சம். உள்ளே மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியாகிவிட்டது, யாரோ இருவரின் பெயரைப் பூவால் எழுதி அந்தக் கேட்டிலேயே மாட்டியிருந்தார்கள். பதினேழு பேரின் பெயரை ஒட்டிய கேட்டு. எதிரே சங்கத்து ஆபீஸ், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் கொடிக்கம்பம். மணி நாலே கால். ஐந்து மணிக்கு அவர் அங்கே நின்று இந்த வரிசையைச் சொல்லிப் பெயர்களை வாசிக்க வேண்டும். வருசா வருசம் நவம்பர் பதினொன்று. எண்பத்தாறில் அந்தத் தேதியில்தான் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். விசாரணை கிடையாது, விளக்கம் கிடையாது, டோக்கன் நம்பரும் பெயரும் மட்டும், இன்று முதல் வேலையில்லை. சாயங்காலமே அதைக் கிழித்தும் எடுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போனால், நாங்கள் யாரையும் நீக்கவில்லை, அவர்களே வராமல் நின்றுகொண்டார்கள் என்று சத்தியம் செய்தார்கள். நோட்டீசைப் படித்த சாட்சி யார் என்று கேட்டார் நீதிபதி. அன்றைக்கு மருதாசலம் கோர்ட்டு வராந்தாவில் நின்று சொன்னார், இனி ஒவ்வொரு வருசமும் சாட்சி வைத்து வாசிப்போம், எவன் இல்லை என்கிறான் பார்ப்போம் என்று. அப்படி வந்த வழக்கம். டோக்கன் வரிசைப்படி ஒவ்வொரு பெயராக வாசிப்பார். உயிரோடு இருப்பவன் ‘இருக்கேன்’ என்பான். செத்தவனுக்குக் கூட்டம் மொத்தமும் ‘இருக்கார்’ என்று சொல்லும். கடைசியில் இரண்டு பேர் சாட்சி நோட்டில் ‘வாசிக்கக் கேட்டோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பதினேழில் இன்றைக்கு ‘இருக்கேன்’ என்று சொல்ல நாலு பேர். அவரையும் சேர்த்து நாலு. காகிதம் இல்லாமலே அவருக்கு வரும். எட்டாவது பெயர் வாசித்ததும் ஒரு மூச்சு வாங்குவார். வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறார் என்று நினைக்கிறார்கள். நாற்பத்திரண்டு வயசில் முதல் தடவை வாசித்தபோதும் அதே இடத்தில்தான் வாங்கினார். அது யாருக்கும் ஞாபகமில்லை.

கதவுத் திரையை விலக்கிக்கொண்டு சங்கச் செயலாளர் துரைக்கண்ணு உள்ளே வந்தான். பதினேழில் ஒருவரின் மகன். அப்பா போய் ஒன்பது வருசம். ஐம்பது வயசு ஆகியும் அப்பாவின் பெயர் வாசிக்கும்போது அவன் கண் கலங்கும். “டைப் அடிச்சாச்சுங்க தலைவரே. பதினேழு. நானே ரெண்டு தடவ எண்ணிட்டேன்.” காகிதத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தான். பதினேழு வரி. “அந்தப் பொம்பளை வந்திருச்சுங்க. ஆபீசு வாசல்ல நிக்குது. உள்ள வாங்கன்னும் சொல்லலை, போங்கன்னும் சொல்லலை. போகச் சொல்லிரட்டுங்களா?” கத்தி தாடைக்குக் கீழே இருந்தது. மருதாசலம் நாற்காலிக் கையைப் பிடித்தார். “கத்தி வெச்சிருக்கையில கேள்வி கேக்கறியே துரை,” என்றார் ஆறுச்சாமி, “தலைய ஆட்டுனா என்ற பொழப்புப் போயிரும்.” துரைக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்தான். “எனக்கொண்ணும் அவசரமில்லீங். ஆனா ஒண்ணு. எங்கப்பன் பேருக்கும் உங்க பேருக்கும் நடுவால ஒரு கருங்காலி பேரு வரக்கூடாது. அப்புறம் நான் அந்த நோட்டைத் தொட மாட்டேன்.” கருங்காலி. அந்த வார்த்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறார். எண்பத்தாறில் அச்சுக்கோத்து ஆயிரம் பிரதி போட்ட பிரசுரம். ‘கருங்காலியை அடையாளம் காணுங்கள்.’ எழுதியது மருதாசலம். பிழை திருத்தியதும் மருதாசலம்.

போன வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். சுசீலா, சென்னியப்பனின் மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பா செத்து நாற்பது நாள் ஆச்சு பெரியப்பா என்றாள். பெரியப்பா என்று கூப்பிட்டது அவருக்கு எரிச்சலாக இருந்தது. தோழர் என்று கூப்பிட்டிருந்தால் விரட்டியிருக்கலாம். சேரின் நுனியில் உட்கார்ந்து, விரலில் நூல் பிசிறை உருட்டிக்கொண்டே சொன்னாள். “ஒண்ணும் வேண்டாம். பேரு மட்டும் வாசிச்சாப் போதும். அந்த நோட்டீசுல பதினெட்டுப் பேருதான இருந்துச்சு.” அவர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றால் எதிராளி சின்னதாகிவிடுவான், இது பிரசுரத்தில் இல்லை, அவரே கண்டுபிடித்தது. உங்கப்பனை நாங்க சங்கத்துலேர்ந்து சும்மா நீக்கலை, சோதிச்சுப் பார்த்துத்தான் நீக்கினோம், மூணு பேர்கிட்ட மூணு இடம் சொன்னோம், போலீஸ் வேன் எங்கே வந்துச்சு, உங்கப்பன்கிட்டச் சொன்ன இடத்துக்கு வந்துச்சு, இதுக்கு மேல என்ன வேணும் அம்மிணி. இந்த வாக்கியத்தை முப்பத்து மூன்று வருசத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார். சொல்லச் சொல்ல வழுவழுவென்று ஆகிவிட்ட வாக்கியம். அவள் நூல் பிசிறை உருட்டுவதை நிறுத்தினாள். “அப்பாகிட்ட எந்த எடம்னு சொன்னீங்க பெரியப்பா?” பம்ப் ஹவுஸ் என்றார். “பம்ப் ஹவுசா,” என்றாள். “அங்கதான எப்பவும் கூடுவீங்க. அப்பாவுக்கு நானே அங்க சோறு கொண்டாந்திருக்கேனே. வாட்ச்மேன்கூட, உங்கப்பனெல்லாம் பம்ப் ஹவுசுலதான் இருப்பான் போ அப்படிம்பாரு.” உனக்கு அப்ப என்ன வயசு என்று அதட்டினார். “பத்துங்க. கேக்கறதுக்கு இப்பத்தான் வயசு வந்துச்சு.” வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, பதினொண்ணாந் தேதி வருவேன், உள்ள வரமாட்டேன், அந்த ஆபீசு உள்ள காலு வைக்காதேன்னு அப்பா சொல்லியிருக்காரு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறுச்சாமி தண்ணீர் பீய்ச்சினார். குளிர்ந்தது. பம்ப் ஹவுஸ். மில்லுக்குப் பின்னால், முள்வேலிக்கு அந்தப்புறம், மோட்டார் பழுதாகிப் பூட்டாமல் கிடந்த சின்னக் கட்டடம். சிமெண்டுத் தொட்டியின் விளிம்பு உட்கார வசதியாக இருக்கும். பாசி வாசனை. இரண்டு வருசம் எல்லாக் கூட்டமும் அங்கே. நோட்டீசுக்கு முந்தின மாசம் போலீஸ் இரண்டு தடவை சரியாக வந்து கலைத்தது, ஆகவே உள்ளுக்குள் ஒருவன் சொல்கிறான், ஆகவே அவனைப் பிடிக்க வேண்டும். நவம்பர் எட்டு, சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. ஒருவனிடம் ரயில்வே கேட்டு மாந்தோப்பு என்றார். இன்னொருவனிடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் என்றார். சென்னியப்பனிடம் பம்ப் ஹவுஸ். மூன்று பாதையும் பிரிகிற முக்கில் சைக்கிள் கடையில் காற்றடிப்பதுபோல் குனிந்துகொண்டு பார்த்தார். நீல வேன் வந்தது. மாந்தோப்புக்குத் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. நேராகப் போய் மில்லுச் சுவரோரம் திரும்பியது. அப்போது அவருக்கு என்ன தோன்றியது. கோபம் வந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். கோபம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது சந்தோசம். நெஞ்சு முழுக்க, பரீட்சையில் பாஸானவன்போல. நான் அப்பவே சொன்னேன்ல. யாரிடம் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லியிருந்தார். கையில் சைக்கிள் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார், டயர் கல்லாகிவிட்டது, போதுங்க வெடிச்சிரும் என்றான் கடைக்காரன். சரி, அந்த வேன் வேறு எங்கே போயிருக்கும். எவனும் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் வேறு எங்கே போயிருக்கும். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேக்கால மில்லுக்காரர்கள் கூடுகிறார்கள் என்றால் போலீஸ்காரனின் கால் தானாகப் போகிற இடம் எது. பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது. மாந்தோப்புக்கு வேன் போயிருந்தால் மாந்தோப்புக்காரன் சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். பம்ப் ஹவுசுக்கு வந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை. மழை பெய்தால் நீ திருடன் என்று ஐப்பசி மாசத்தில் ஒருவனிடம் பந்தயம் கட்டின மாதிரி.

அதுவும் போகட்டும், மூன்று இடத்தில் அந்த இடத்தை ஏன் அவனுக்குக் கொடுத்தோம். தற்செயல். வாய்க்கு வந்தது. இல்லை. சென்னியப்பன் விவரமானவன், மாந்தோப்பு என்றால் ஏனுங்க திடீர்னு அங்கே என்று கேட்டிருப்பான், நம்பியிருக்க மாட்டான், அதனால் நம்பும்படியான இடம். மற்ற இருவருக்கும் நம்ப முடியாத இடமா கொடுத்தீர்கள் அப்படியானால். இது யார் கேட்கிற கேள்வி. சுசீலா கேட்கவில்லை, அவள் ஒரே கேள்விதான் கேட்டாள், மற்றதெல்லாம் ஒரு வாரமாக உள்ளேயிருந்து வருகிறது, மில்லு லேபர் ஆபீசர் குரலில் வருகிறது, அதுதான் தாங்க முடியவில்லை. ஆறுச்சாமி மீசையின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார், நரைமுடி உதட்டில் விழுந்தது, துப்பவும் முடியவில்லை. சிரித்தான். ஆமாம், சென்னியப்பன் சிரித்தான், சிரிக்கவும் வைத்தான். வேன் வந்ததற்கு முந்தின வாரம், கமிட்டியில், ஸ்டிரைக் பிரசுரத்தின் படியை அவர் நின்றுகொண்டு வாசித்தார். ‘முதலாளிகளின் முதுகெலும்பை முறிப்போம்’ என்ற இடத்தில் சென்னியப்பன், “அதுக்கு மின்ன நம்ம முதுகெலும்புக்கு எண்ணெய் வாங்கோணும் தலைவரே, ரிங் பிரேம் மிஷின்ல நின்னு நின்னு எனக்கு எலும்பே இல்லீங்,” என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். ஒருவன் தொட்டியிலிருந்து வழுக்கிவிழுகிற அளவுக்குச் சிரித்தான். மருதாசலமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்து இழுத்துப் பிடித்தது இன்றைக்கும் கன்னத்தில் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோது தோன்றியது: இவன்தான். முதலில் ‘இவன்தான்’ வந்தது. அப்புறம்தான் காரணங்கள் வந்தன, கூட்டம் முடிந்த பிறகு வந்து நாங்களும் இருந்தோம் என்று கை தூக்குகிறவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக. மேனேஜரின் டிரைவரோடு டீ குடித்தான், டிரைவர் அவன் ஊர்க்காரன் என்பது கணக்கில் வரவில்லை. கமிட்டியில் பேசினால் துருவுகிறான். பேசாமல் இருந்தால் குறித்துக்கொள்கிறான். நோட்டீசில் அவன் பெயரும் வந்தது, நியாயமாகப் பார்த்தால் அங்கேயே சந்தேகம் முறிந்திருக்க வேண்டும், முறியவில்லை, கண்துடைப்புக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று தான் சொன்னதும் எல்லாரும் ஆமாமா என்றார்கள். பன்னிரண்டாம் தேதி ஆபீசில் நிறுத்திக் கேட்டபோது அழுதான், நடிக்கிறான். அழாமல் இருந்திருந்தால் நெஞ்சழுத்தம் என்றிருப்போம். “நீங்க முடிவு பண்ணிட்டுத்தான் கூப்பிட்டிருக்கீங்க,” என்றான். திமிர் என்று மினிட்டு நோட்டில் எழுதினார்கள். என்ன செய்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். மருதாசலம் தேடினார், நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தேடினார், அந்த அறைக்குள் சென்னியப்பன் செய்யக்கூடிய, சொல்லக்கூடிய ஒரே ஒரு காரியத்தையாவது தேடினார், அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடியது. ஒன்றும் இல்லை. எல்லாக் கதவையும் அவரே அடைத்துவிட்டு விசாரணை என்று பெயர் வைத்திருந்தார். ஊரில் டீக்கடைக்காரன் அவனுக்கு டம்ளர் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையைக் கருங்காலி மவ என்றார்கள். திருப்பூருக்குப் போய்ச் சாயப்பட்டறையில் முப்பது வருசம் காலைத் தண்ணீரில் வைத்து நின்றான். மில்லுக்கு உளவு சொன்னவனை மில்லு அப்படியா வைத்திருக்கும். அதுவும் நடிப்பு என்று ஒருதரம் மேடையில் சொன்னார். முப்பது வருசம் எவன் நடிப்பான்.

“முடிஞ்சதுங்க. பேசிக்கலாம்,” என்றார் ஆறுச்சாமி, படிகாரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டே. எரிந்தது. மருதாசலம் உதட்டிலிருந்த முடியைத் துப்பினார். “நிக்கட்டும்,” என்றார் துரைக்கண்ணுவிடம். “என்னுங்க?” “வாசல்ல நிக்கட்டும். போகச் சொல்லாதே.” துரைக்கண்ணு எழுந்தான். “தலைவரே, ஒண்ணு கேட்டுக்கறனுங்க. அவன் சொல்லலைன்னா அப்ப யாரு சொன்னது?” அதுதான் முள். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். “யாரும் சொல்லலையோ என்னமோ,” என்றார். “அப்புறம் ஸ்டிரைக்குல எப்படித் தோத்தோம்?” மருதாசலம் கழுத்துத் துண்டை உருவி நாற்காலியில் போட்டார். எப்படித் தோற்றோம். ரெண்டு வருசம் ஒரே இடத்தில், ஒரே கிழமை, ஒரே மணிக்குக் கூடினோம், இடத்தை மாற்று என்று ஒருவனும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தலைவனுக்குத் தொட்டி விளிம்பு வசதியாக இருந்தது. காலரிலிருந்த முடியைத் தட்டினார். “நீ ஒரு முடிவுக்கு வந்துட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க,” என்றான் துரைக்கண்ணு, பதற்றத்தில் மரியாதை குழம்பி. “உசுரோட இருக்கற மூணு பேரும் வேண்டாங்கறாங்க. பேரைச் சேத்தா முப்பத்திமூணு வருசமா வாசிச்சது பொய்யின்னு ஆயிரும். உங்களைத்தான் பேசுவாங்க. ஒரு பொம்பளை வந்து கண்ணைக் கசக்கினதும் கெழவன் கவுந்துட்டான்னு.” “அவ கண்ணைக் கசக்கலை,” என்றார் மருதாசலம். “அப்படிக் கசக்கியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.” ஆறுச்சாமி கத்தியைத் துடைத்துக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னார்: “சென்னியப்பன் கடைசியா இங்கதான் தலைமுடி வெட்டிக்க வந்தான். ஊரை விட்டுப் போற அன்னிக்கு. நான் வெட்டலை. கடை சாத்தற நேரம்னு சொல்லிட்டேன். காலைல பத்து மணிக்கு.” மருதாசலம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

ரோட்டைக் கடக்க நின்றார். பஸ், பால் வண்டி, மறுபடி பஸ். முகத்தில் காற்றுப் பட்டால் எரிச்சல். பயமாக இருந்தது, இதை ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு பஸ் போகிற நேரம் ஆனது. சாவுப் பயமில்லை. ஒரு செங்கல்லை உருவினால் எத்தனை செங்கல் வரும் என்ற பயம். ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடுவார் தலைவர் என்று பெயர். எத்தனை பேரைப் பார்த்ததும் சொல்லியிருக்கிறார். இவனைக் கமிட்டியில் போடு, அவனைத் தள்ளி வை, இவன் தேற மாட்டான். தள்ளி வைக்கப்பட்டவன் அப்புறம் என்ன ஆனான் என்று ஒருநாளாவது போய்ப் பார்த்தாரா. தேறியவர்களை மட்டும் மேடையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா என் கணிப்பு என்றார். சரி, இப்போது மட்டும் என்ன செய்கிறோம். இதுவும் அதே வியாதி இல்லையா. அன்றைக்கு ஒரு சிரிப்பில் குற்றவாளி ஆக்கினோம், இன்றைக்கு ஒரு கேள்வியில் நிரபராதி ஆக்குகிறோம். சென்னியப்பன் சொல்லியிருக்கவும் கூடும். வேன் அவன் சொல்லித்தான் வந்திருக்கவும் கூடும். பம்ப் ஹவுஸ் அவனைக் காப்பாற்றவில்லை, அவருடைய சோதனையை மட்டும்தான் அழித்தது. சொன்னானா இல்லையா. தெரியாது. எழுபத்து நாலு வயசில் மருதாசலம் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். தெரியாது. எந்தப் பிரசுரத்திலும் இந்த வார்த்தை இருந்ததில்லை. தெரியாமல்தான் நீக்கினோம். எண்பத்தாறில் நோட்டீசைப் பார்த்துவிட்டு லேபர் ஆபீசரிடம் போய் மேசையைத் தட்டி, எங்கேய்யா விசாரணை என்று கேட்டபோது அவன் சொன்னான், அதெல்லாம் முடிஞ்சதா வெச்சுக்கங்க மருதாசலம். அந்த ஒரு வரியை வைத்து நூறு மேடையில் கைதட்டல் வாங்கியிருக்கிறார். மறுநாளே இந்த ரோட்டைக் கடந்து வந்து அதே காரியத்தை அவர் செய்தார். அவர்கள் பதினெட்டுப் பேரை ஒட்டிவிட்டு யாரையும் ஒட்டவில்லை என்றார்கள். இவர் பதினேழு என்றார். சாட்சி வைத்துச் சொன்னார், வருசா வருசம். அப்போதுதான் உள்ளே எங்கோ கிடந்த பழைய கொதிப்பு ஏறியது, முட்டியில் வலி மறந்தது. என்ன பேசுவார்கள். பேசட்டும். கெழவன் கவுந்துட்டான் என்பார்கள். நூற்று நாற்பத்து நாலு போட்ட அன்றைக்குத் தனியாளாக இந்த ரோட்டின் நடுவில் நின்றவன், இந்த வாய்களுக்கா பயப்படுவான். மில்லுக்காரனிடம் கேட்காத மன்னிப்பை இவர்களிடம் கேட்கப் போவதில்லை. கணக்கைத் திருத்துவான், அவ்வளவுதான். கையை நீட்டி ஒரு லாரியை நிறுத்திக் கடந்தார்.

கொடிக்கம்பத்தின் கீழே சுசீலா நின்றிருந்தாள், கையில் மஞ்சப்பை, வாசற்படியிலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி. அவர் கடந்து போகும்போது பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளே நாற்பது பேர் இருக்கும். ஒயர் சேர்கள், பாதி காலி. உயிரோடிருக்கும் மூவரும் முன்வரிசையில், ஒருவனுக்குக் காது கேட்காது. மேசைமேல் சாட்சி நோட்டு, பேனா. துரைக்கண்ணு டைப் அடித்த காகிதத்தை அவர் கையில் வைத்து, விடாமல் ஒரு கணம் பிடித்திருந்தான். மருதாசலம் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டார். மைக்கைத் தள்ளி வைத்தார், எப்போதும் தள்ளித்தான் வைப்பார். முதலாவது, எழுபத்தொன்றில் என்று ஆரம்பித்தார். துணி, பதிலி, பில்லை, ஒப்பந்தம், சரசக்காவின் கை, தூக்குப்போசி. கூட்டம் அரைத் தூக்கத்தில் தலையாட்டியது. “ஏழாவது, எண்பத்தாறில், நவம்பர் பதினொன்று, விசாரணை இல்லாம பதினெட்டுப் பேரை நீக்கியது.” முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. “பதினேழுங்க,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல், உதவிக்குச் சொல்வதுபோல. “பதினெட்டு,” என்றார் மருதாசலம். “எட்டாவது. அதே வருசம், மறுநாள், நவம்பர் பன்னிரண்டு. இதே ரூம்பில, விசாரணைன்னு பேரு வெச்சு, விசாரணை இல்லாம ஒருத்தனை நீக்கியது. இது மில்லு செஞ்சதில்லை. நான் செஞ்சது. அவன் சொன்னானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது. தெரியும்னு சொன்னேன்.” சேர் இழுபடும் சத்தம் கேட்டது. ஒருவன் எழுந்து வெளியே போனான், இன்னொருவனும். “ஏனுங்க, இதுக்கா எங்களை வரச் சொன்னீங்க,” என்றான் யாரோ. காது கேட்காதவன் பக்கத்திலிருந்தவனிடம் என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். துரைக்கண்ணு சாட்சி நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். மருதாசலம் அமளி அடங்கக் காத்திருக்கவில்லை. அமளிக்கு மேலே பேசிப் பழகின குரல். “இனி வாசிக்கறேன். சாட்சிக் கையெழுத்துப் போடறவன் போடு. போடாதவன் காதால கேட்டுக்க, அதுவும் சாட்சிதான்.” வாசித்தார். முதல் பெயர், செத்தவன், கூட்டம் தயங்கிவிட்டு ‘இருக்கார்’ என்றது. இரண்டாவது. மூன்றாவது, ‘இருக்கேன்’ என்று ஒரு முனகல். நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவது துரைக்கண்ணுவின் அப்பா. துரைக்கண்ணு வாயைத் திறக்கவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். எட்டாவது. கூட்டம் சொல்லி முடித்தது. அடுத்தது அவருக்கு மூச்சு வாங்குகிற இடம் என்று எல்லாருக்கும் தெரியும். மருதாசலம் மூச்சு வாங்கவில்லை. தலையைத் திருப்பி, வாசலுக்கு வெளியே ஒரு அடி தள்ளித் தெரிந்த மஞ்சப்பையைப் பார்த்துக்கொண்டு, தெருவுக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்:

“டோக்கன் நானூற்றி ரெண்டு. ரிங் பிரேம். சென்னியப்பன்.”